கழுதைக்குழியில் எட்டு டிகிரி

யூனா ரப்பர் உடுப்போடு வந்து இறங்கிய அன்றே இமெல்டாவுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. கடலோரப் பாறைகளுக்கு நடுவே இருக்கிற கழுதைக்குழியில் குளிக்கிறவர்கள் யாரும் ரப்பர் உடுப்புப் போடுவதில்லை. ஒரு நீச்சலுடை, தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி, அவ்வளவுதான். அயர்லாந்தின் மேயோ கரையில் அதற்கு மேல் எதை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினாலும் பகட்டு என்று பெயர். யூனாவோ கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர், கைக்கு உறை, காலுக்கு உறை என்று பாறைப் படியில் வந்து நின்றாள்.

"என்னம்மா, நீர்மூழ்கிக் கப்பல்லேருந்து வழி தவறி வந்துட்டீங்களா?" என்று கேட்டார் மாலக்கி. எழுபதைத் தாண்டியவர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

"இல்லீங்க. கடல்நாய்க் கூட்டத்துல என்னைச் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்," என்றாள் யூனா.

எல்லோரும் சிரித்தார்கள். டிம்ப்னா சிரித்ததோடு நிற்காமல் கல் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடமும் விட்டாள். அந்தப் பெஞ்சில் டிம்ப்னாவுக்குப் பக்கத்து இடம் இமெல்டாவுடையது. ஒன்பது வருஷமாக அவளுடையது. பெயர்தான் எழுதி வைக்கவில்லை. அன்று இமெல்டா நின்றுகொண்டே காலுறை மாட்டினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற, அறுபதை நெருங்குகிற, கனத்த உடம்புக்காரி ஒற்றைக் காலில் நின்று காலுறை மாட்டுவது சுலபமான காரியம் இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

இமெல்டாவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் ஆஸ்திரேலியாவில். டிம்ப்னா கால்நடை மருத்துவரின் வாசலில் உட்கார்ந்து, மாட்டுக்காரர்களின் பெயரைக் கேட்டு உள்ளே அனுப்புகிறவள். அவளும் தனிக்கட்டைதான். துடைப்பக்குச்சிக்குத் தொப்பி மாட்டியது போலிருப்பாள். இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள் என்று ஊர் சொல்லும். அதில் யார் நகம், யார் சதை என்று பார்த்தாலே தெரியும் என்று மாலக்கி சொல்லுவார். இமெல்டாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் டிம்ப்னா. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டிம்ப்னாவிடம்கூடச் சொன்னதில்லை.

கழுதைக்குழியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனியாக இறங்கக் கூடாது. இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கரையில் கூப்பிடுகிற ஆள் ஒன்று இருக்க வேண்டும். அந்த ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பேச்சு பாதியில் அறுந்தாலும் சரி, உடனே திரும்பி வந்து படி ஏற வேண்டும். வாக்குவாதம் கிடையாது. குளிர்ந்த தண்ணீருக்குள் இருக்கிறவனுக்குத் தன் குளிர் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சுகமாகக்கூட இருக்கும். அந்தச் சுகத்தை நம்பித்தான் நல்ல நீச்சல்காரர்களெல்லாம் போய்ச் சேருகிறார்கள். ஆகவே முடிவு கரையில் நிற்கிறவர் கையில்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வாலும் உண்டு. உன் ஆளை நீதான் கூப்பிடலாம். அடுத்தவருடைய ஆளைக் கூப்பிடுவது அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கைநீட்டி அடிப்பது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள்.

டிம்ப்னாவைக் கூப்பிடுகிற ஆள் இமெல்டா. காலையில் முதலில் வருகிறவள் அவள்தான். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கிய வாத்து பொம்மைத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் மிதக்க விடுவாள். பேரப்பிள்ளை ஆஸ்திரேலியாவிலேயே வளர்ந்துவிட்டதால் வாத்துக்கு இந்த வேலை. அது காட்டுகிற டிகிரியைப் பாறையில் சாக்பீஸால் எழுதுவாள். ஒரு டிகிரிக்கு ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை என்பது கழுதைக்குழிக் கணக்கு. டிம்ப்னாவின் உடம்பில் கொழுப்பே இல்லாததால் அவளுக்கு அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து இறங்குவார்கள். இமெல்டா சீக்கிரம் ஏறித் துண்டைச் சுற்றிக்கொண்டு மேல்படியில் நின்று, டிம்ப்னாவின் சிவப்புத் தொப்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பாள். நாளின் மிச்ச நேரமெல்லாம் அந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

அதற்குள்தான் யூனா வந்து புகுந்தாள்.

முப்பது வருஷம் விமானத்தில் பணிப்பெண்ணாகப் பறந்தவள். கார்க் நகரத்துக்காரி. ஓய்வு வாங்கிக்கொண்டு, பழைய கடலோரக் காவல்படை வீட்டை விலைக்கு வாங்கி வந்திருந்தாள். ரப்பர் உடுப்புக்குள் இருந்ததால் அவளால் அரை மணி நேரம் தண்ணீரில் இருக்க முடிந்தது, கூப்பிடுகிற ஆளும் வேண்டியிருக்கவில்லை. அந்த அரை மணி நேரமும் அவள் பேசினாள். டோக்கியோவில் பன்றிக்குட்டியோடு விமானம் ஏறிய பாட்டனார், நடுவானில் கல்யாணத்தை முறித்துக்கொண்ட ஜோடி, இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு கதை. டப்ளினைத் தாண்டிப் போகாத டிம்ப்னா அந்தக் கதைகளுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். சிரிப்புத் தாங்காமல் போனால் டிம்ப்னா மூக்கால் ஒரு சத்தம் போடுவாள், பன்றிக்குட்டி மாதிரி. அந்தச் சத்தத்தை வரவழைக்கத் தன்னால் மட்டும்தான் முடியும் என்று ஒன்பது வருஷமாக நம்பியிருந்தாள் இமெல்டா. இப்போது அது பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கேட்டது.

வருஷக்கணக்காக இமெல்டா பிளாஸ்கில் சூப் கொண்டுவருவாள். யூனா இஞ்சி கேக் கொண்டுவந்தாள். டிம்ப்னா சூப்பைக் குடித்தாள், கேக்கைப் புகழ்ந்தாள். ஒரு சனிக்கிழமை டிம்ப்னாவும் யூனாவும் பக்கத்து டவுன் வெஸ்ட்போர்ட்டுக்குச் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தார்கள். அதை இமெல்டா இறைச்சிக் கடையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"சினிமா எப்படி இருந்துச்சாம்?" என்று மறுநாள் கேட்டாள், எதுவும் நடக்காத மாதிரி.

"நல்லா இருந்துச்சுடி. உனக்குத்தான் சினிமாவே பிடிக்காதே, அதான் சொல்லல," என்றாள் டிம்ப்னா.

"பிடிக்காதுதான். கேட்டிருந்தா வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறமென்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டிருக்கலாம்."

டிம்ப்னா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள். மாலக்கி காதில் விழுந்துவிட்டது.

"இமெல்டா, உன் மூஞ்சியப் பாத்தா வீட்டுக்குச் சக்களத்தி வந்த மாதிரி இருக்கே."

"உங்க மூஞ்சியப் பாத்தா யாருமே வந்த மாதிரி தெரியலையே," என்றாள் இமெல்டா. சொல்லிவிட்டாளே தவிர, அவர் சொன்ன வார்த்தை பஸ் ஓட்டும்போதெல்லாம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் கடைசியில்தான் அது நடந்தது. டிம்ப்னாவைக் கூப்பிட்டாள் இமெல்டா. டிம்ப்னா திரும்பினாள், எப்போதும் போல. உள்ளிருந்து யூனா சத்தம் போட்டாள், "ஐயோ, அதுக்குள்ளயா? கதை பாதியில நிக்குது!"

"ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டாச்சு, போயே ஆகணும்," என்றாள் டிம்ப்னா. சொல்லிவிட்டு மூக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டாள்.

கேலிதான். வேறு எந்த நாளிலும் இமெல்டாவே சேர்ந்து சிரித்திருப்பாள். அன்று அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பதிலைத் தேடினாள். நல்ல பதில்கள் வழக்கம்போல வீடு சேர்ந்த பிறகுதான் கிடைத்தன. ஒரு நாள் கூப்பிடாமல் விட வேண்டும். நடுங்கிக்கொண்டே ஏறிவந்து, ஏன்டி கூப்பிடலைன்னு கேட்பாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னிக்கு லீவு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம். அந்த ஒரு வரியைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

புனித வெள்ளி வந்தது. ஒரு வாரமாகக் கிழக்குக் காற்று. மேற்குக் கரையில் கிழக்குக் காற்று அடித்தால் அலையே இருக்காது, கடல் எண்ணெய் ஊற்றியது போலப் படுத்துக் கிடக்கும். வெயில் பளீரென்று அடித்தது. மேட்டில் ஆட்டுக்குட்டிகள் துள்ளின. இந்த மாதிரி நாளைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். கரை சூடானால் கடலும் சூடாகிவிட்டது என்று நினைப்பார்கள். கடல் எதையும் தாமதமாகத்தான் செய்யும். வருஷத்திலேயே அது அதிகமாகக் குளிர்ந்து கிடப்பது ஆட்டுக்குட்டிகள் துள்ளுகிற இந்தக் காலத்தில்தான். வாத்து எட்டு டிகிரி காட்டியது. இமெல்டா பாறையில் பெரிதாக எழுதினாள்.

டிம்ப்னா வந்தபோது முகம் வெளுத்திருந்தது. புனித வெள்ளியன்று அவள் பால் விடாத தேநீரைத் தவிர எதையும் தொடமாட்டாள். போதாததற்கு பிப்ரவரியில் வந்த காய்ச்சலில் இருந்த கொஞ்சச் சதையும் போயிருந்தது. இது எல்லாமே இமெல்டாவுக்குத் தெரியும். இன்றைக்கு இவளை இன்னும் சீக்கிரம் கூப்பிட வேண்டும் என்று மனதில் கணக்குகூடப் போட்டாள்.

அப்போது யூனா மேலிருந்து கையை ஆட்டினாள். டிம்ப்னாவின் முகம் அவளைப் பார்த்து மலர்ந்த விதத்தில் இமெல்டாவின் கணக்கெல்லாம் கரைந்து போனது.

மூன்று பேரும் இறங்கினார்கள். தண்ணீர் தோலில் பல்லாகக் கடித்தது. இமெல்டா குழியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிவிட்டாள். மற்ற இரண்டு பேரும் குழி கடலோடு சேருகிற இடத்திலிருந்த வாய்க்கால் பாறைவரை நீந்திப் போய், அங்கே நின்ற நிலையிலேயே மிதந்துகொண்டு பேச ஆரம்பித்தார்கள். சிவப்புத் தொப்பியும் கறுப்புத் தலையும் பக்கத்தில் பக்கத்தில். சிரிப்பு வந்தது. இன்னும் ஒரு சிரிப்பு. என்னதான் அப்படிப் பேசுவார்கள்? அதைத் தெரிந்துகொள்ள இமெல்டா எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

நேரம் வந்தது. இமெல்டா வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் மாலக்கி செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தார். "உன் ஆளு இன்னும் உள்ளதான் இருக்கா."

"தெரியுது."

"கூப்பிடலையா?"

"அவளுக்குத்தான் இப்ப வேற ஆளு இருக்கே. அந்தம்மா கூட்டிட்டு வரட்டும்."

மாலக்கி கடலைப் பார்த்தார், இமெல்டாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் விட்டார். அடுத்தவர் ஆள். "கோயில்ல சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு," என்று முணுமுணுத்துவிட்டு மேலே ஏறிப்போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போயிருந்தார்கள்.

சிவப்புத் தொப்பி கரைப்பக்கம் திரும்பியது. டிம்ப்னா கையை உயர்த்திக் காட்டினாள். இமெல்டா குனிந்து பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவர்கள் மறுபடி பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை டிம்ப்னா திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை இமெல்டாவும் நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சும்மா நின்றாள். இருக்கட்டும். நல்லா நடுங்கிட்டு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் வந்தார்கள். டிம்ப்னா யூனாவின் தோளில் முழுசாகச் சாய்ந்துகொண்டு படி ஏறினாள். நடுக்கம் ஒன்றும் இல்லை. யூனா அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, டிம்ப்னா இளித்தாள். இமெல்டாவுக்குக் காதில் புகை வராத குறை.

"வந்தாச்சா மகாராணி?" என்றாள்.

டிம்ப்னா அவளை முன்பின் தெரியாதவளைப் போலப் பார்த்தாள். பிறகு யூனா பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே குழைவாக எதையோ சொல்லிச் சிரித்தாள். இமெல்டாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. தன்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மடித்து வைத்திருந்த வரிக்கு வேலையே வரவில்லை. அவள்தான் ஏன் கூப்பிடலை என்று கேட்கவே இல்லையே.

டிம்ப்னாவின் கையிலிருந்து துண்டு நழுவியது. யூனா எடுத்துப் போர்த்திவிட்டாள். மேல்சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு டிம்ப்னா சும்மா நின்றாள். யூனாவே பூட்டிவிட்டாள், ஒவ்வொன்றாக, குழந்தைக்குப் பூட்டுவது மாதிரி. டிம்ப்னா தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கொஞ்சல் வேறு! அவளுக்குத் தோள்பட்டை பிசகியிருந்தபோதுகூட என்னைத் தொட விட்டாளா? அறுபது வயதில் அசிங்கம். இமெல்டா பிளாஸ்கை எடுத்தாள், வாத்தை எடுத்தாள், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மேட்டுப் பாதையில் விறுவிறுவென்று ஏறினாள். யூனா பின்னாலிருந்து, "இமெல்டா! கொஞ்சம்…" என்று கூப்பிட்டது கேட்டது. அவள் திரும்பவில்லை.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள். கடைசியாக ஒரு தடவை பார்க்காமல் போக அவளால் முடியவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள்.

யூனா குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். டிம்ப்னா பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புத் தொப்பியைக் கழற்றினாள். கழற்றி, அதாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டாள். ஊசிபோல அடிக்கிற கிழக்குக் காற்றில், ஈரத் தலையோடு, நிதானமாக விசிறிக்கொண்டாள்.

கழுதைக்குழிக்கு வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் இமெல்டாதான் பாடம் சொல்லுவாள். நடுங்குகிறவனைப் பற்றிக் கவலைப்படாதீங்க. நடுக்கம் நின்னவனைப் பாருங்க. நாக்குக் குழறும், கை பொத்தானைப் பிடிக்காது, கால் தள்ளாடும், காரணமில்லாம சிரிப்பான். சூடா இருக்குன்னு சொன்னான்னா அதோட அவன் பேச்சைக் கேக்காதீங்க. நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அத்தனையும் இன்று அவள் கண்ணெதிரே படி ஏறி வந்தன. ஒன்றுவிடாமல் பார்த்தாள். பார்த்து, கொஞ்சல் என்று நினைத்தாள்.

பின்சீட்டில் கிடந்த விரிப்பையும் முதலுதவிப் பையையும் வாரிக்கொண்டு, கார் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள். அந்த உடம்போடு அந்தப் பாதையில் அவள் ஓடி ஊர் பார்த்ததில்லை.

கீழே போனபோது டிம்ப்னா பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சரிந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. யூனா முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்க்காத!" இமெல்டா அவள் கையைத் தட்டிவிட்டாள். "கையில இருக்கிற குளிர் ரத்தத்தை நெஞ்சுக்கு ஓட்டிவிடாத. மேட்டு மேல போ, சிலுவைக்கிட்ட போனாத்தான் போன் எடுக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஓடு!"

"அவ சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா… நான் சூடா டீ…"

"இப்ப வாயில எதையும் ஊத்தக் கூடாது. ஓடும்மா!"

யூனா ரப்பர் உடுப்போடு ஓடினாள். இமெல்டா கோட்டு, துண்டு, கார் விரிப்பு எல்லாவற்றையும் பாறையின் மறைவில் விரித்து டிம்ப்னாவை மெதுவாகப் படுக்க வைத்தாள். பூட்டிவிட்ட பொத்தான்களை அவிழ்த்தாள். உள்ளே ஈர நீச்சலுடை அப்படியே இருந்தது. முதலுதவிப் பையிலிருந்த கத்திரியால் வெட்டி எடுத்தாள். தன் கம்பளிச் சட்டையை மாட்டினாள், தலைக்குத் தன் தொப்பியைப் போட்டாள். பிறகு தானும் பக்கத்தில் படுத்து, அவளை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, மேலே கிடைத்ததையெல்லாம் போர்த்தினாள். ஊரே கேலி செய்த அந்த உடம்பு இன்றைக்காவது ஒரு காரியத்துக்கு உதவட்டும் என்று வேண்டிக்கொண்டாள். டிம்ப்னா கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

"டிம்ப்னா. ஏய் டிம்ப்னா. வாடி. டிம்ப்னா!"

இப்போது கூப்பிட்டாள். நிறுத்தாமல் கூப்பிட்டாள். பதில் இல்லை. ஒரு தடவை "அம்மா" என்று சொன்ன மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. வெகு நேரத்துக்குப் பிறகு அந்த எலும்புக்கூட்டுக்குள் எங்கோ ஒரு நடுக்கம் ஆரம்பித்தது. நடுக்கம் பெரிதாகிப் பல் தடதடவென்று அடித்துக்கொண்டபோது இமெல்டா வாய்விட்டு அழுதாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் பூசையில் ஃபாதர் பீடத்திலிருந்தே இமெல்டாவின் பெயரைச் சொன்னார். கோயில் வாசலில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அந்த ரப்பர்க்காரிதான் அவளைக் கொல்லப் பாத்தா. தான் கதகதப்பா இருந்துக்கிட்டு, அந்த எலும்பைப் பிடிச்சு வெச்சுக் கதை பேசியிருக்கா. நீ மட்டும் இல்லேன்னா…" என்றாள் இறைச்சிக் கடைக்காரி. இமெல்டா தலையை ஆட்டினாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாலக்கி மட்டும் கை குலுக்க வரவில்லை. தூரத்தில் நின்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்று சொன்னால் பொய். யூனாவைப் பார்த்து ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது இமெல்டாவுக்கு உள்ளே தேன் ஊறியது. ஊறின அடுத்த நிமிஷமே அது புளித்தது.

செவ்வாய்க்கிழமை டிம்ப்னாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இமெல்டா சூப் பாத்திரத்தோடு போனாள். கதவைத் திறந்தது யூனா. அடுப்படியில் அவள் பாட்டுக்குக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள், எந்த இழுப்பறையில் கரண்டி இருக்கிறது என்று தேடாமல் எடுத்தாள். அதைப் பார்த்ததும் இமெல்டாவுக்குச் சுருக்கென்றது. பொறாமைக்கு வெட்கமே கிடையாது.

"தூங்குறா. நான் கிளம்பிட்டேன்," என்றாள் யூனா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "வீட்டை வித்துட்டு கார்க்குக்கே போயிடலாம்னு இருக்கேன். இங்க இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருக்கிறது?"

இமெல்டா ஆறு மாதமாக வேண்டிக்கொண்டது இதுதான். தட்டில் வைத்து நீட்டினாற்போல வந்து நிற்கிறது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அவளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசல. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வா போகலாம், உன் உதடு ஒரு மாதிரி இருக்குன்னு மூணு தடவை சொன்னேன். அவதான் கேக்கல. 'இமெல்டா மேல நிக்கிறா பாரு. என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கா. என் உடம்பு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். நேரமாச்சுன்னா கூப்பிடுவா, அவ கூப்பிடலேன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம்'னா. புதுசா வந்தவ நான், உங்க வழக்கத்துல என்னத்தைச் சொல்றது? அதுக்கப்புறம் நானும் பேசாம இருந்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஏன் கூப்பிடாம விட்டீங்கன்னு நான் கேக்கல. வெயில் கண்ணுல பட்டிருக்கும். அவ எதுவும் ஞாபகமில்லைங்கறா. நானும் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க ஓடி வந்தீங்களே, அது போதும்."

இமெல்டா சூப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். வாய்க்கால் பாறைப் பக்கம் என்னதான் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடித்தாளே, தெரிந்துவிட்டது.

"வெயில் படல," என்றாள். "உக்காருங்க. போயிடாதீங்க."

உள்ளே போனாள். டிம்ப்னா விழித்துத்தான் இருந்தாள். தலையணையில் அந்த முகம் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. இமெல்டாவைப் பார்த்ததும் அது மலர்ந்தது, யூனாவைப் பார்த்து மலர்ந்த அதே மாதிரி. அப்படியானால் எப்போதும் இப்படித்தான் மலர்ந்திருக்கிறது. தான்தான் பார்க்கவில்லை.

"வாடி. ஊர்ல உனக்குச் சிலை வெக்கப் போறாங்களாமே."

"டிம்ப்னா, நான் வேணும்னேதான் கூப்பிடல," என்றாள் இமெல்டா. நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். "நேரமானது தெரியும். நீ பட்டினின்னு தெரியும். நீ கை காட்டினதையும் பாத்தேன். அவ மேல பொறாமை. நீ நடுங்கிட்டு வந்து என்னைக் கேக்கணும்னு நெனச்சேன். ஏறி வந்தப்பவும் பாத்தேன், நீ அவகிட்ட கொஞ்சறேன்னு நெனச்சுட்டு விட்டுட்டுப் போனேன். யூனா மேல ஒரு தப்பும் இல்ல. ஃபாதர்கிட்ட நானே சொல்லிடறேன்."

டிம்ப்னா கத்துவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று இமெல்டா காத்திருந்தாள். டிம்ப்னா மெல்லக் கையை நீட்டிக் கட்டில் ஓரத்தைத் தட்டினாள். இமெல்டா உட்கார்ந்தாள்.

"பைத்தியக்காரி," என்றாள் டிம்ப்னா. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். "அவ கதை சொல்லுவா, நான் கேப்பேன். அவ்வளவுதான்டி."

"ம்."

"இனிமே என்னை யூனா கூப்பிடட்டும்."

"அவ குரல் பத்தாதுடி. மேற்குக் காத்து அடிச்சா பாறை வரைக்கும் கேக்காது."

"பத்தும்," என்றாள் டிம்ப்னா. "உன் குரல் கேக்கும்னுதானே நான் அவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தேன்."

இமெல்டா எழுந்து போய்க் கதவைத் திறந்து யூனாவை உள்ளே கூப்பிட்டாள்.